மிஸ் லூவின் கல்லறையில் மிளகு

"பொட்டப்புள்ளைக்கு இங்கிலீசு எதுக்குங்கறேன்? சமாதி மேல எழுதியிருக்கறத வாசிக்கவா?"

சேலம் டவுனில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளிக்கூடத்து விடுதியில் என்னைச் சேர்க்கக் கிளம்பிய அன்று, என் பெரியப்பா அப்பாவைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் நாலாம் வகுப்பைத் தாண்டியதில்லை. பெரியப்பா நாலாம் வகுப்பையே எட்டிப் பார்த்ததில்லை. அவர் ஓமலூர்ப் பக்கத்து வெல்ல மண்டியில் ஏலம் கூறுகிறவர். ஒரு தரம், ரெண்டு தரம் என்று கேட்டு மூன்றாம் தரத்தில் அடித்து முடிப்பது தொழிலாகிவிட்டதால், வீட்டிலும் அவர் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. அன்றைக்கு எனக்கும் கிடைக்கவில்லை. பதில் சொல்ல ஐந்தாறு வருஷம் ஆயிற்று. சொன்ன இடம் சமாதிதான்.

இதெல்லாம் போன வாரம் ஞாபகத்துக்கு வந்ததற்குக் காரணம் ஒரு டம்ளர் மிளகுப் பால். நான் இப்போது சூரமங்கலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். (டீச்சர் என்று எழுதிப் பார்ப்பதில் எனக்கு இன்னும் அலுப்பு வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.) வகுப்பு நிறையப் பிள்ளைகள், ஜன்னலுக்கு வெளியே ரோடு, ரோட்டில் ஓயாமல் லாரி. எல்லாவற்றுக்கும் மேலே கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பக்கத்து வகுப்பு டீச்சர் இரக்கப்பட்டு மிளகு தட்டிப் போட்டுப் பால் காய்ச்சிக் கொண்டுவந்தார். ஆவி மூக்கில் ஏறியதும் எனக்கு ஒரு கல்லறை ஞாபகம் வந்தது. மிளகு வாசனைக்குக் கல்லறை ஞாபகம் வருவது நோய் என்று நினைக்காதீர்கள். ஒரு காலத்தில் நாமக்கல்லிலிருந்து ஓமலூர் வரை எத்தனையோ பேருக்கு வந்திருக்கிறது.

அன்று சாயங்காலமே டவுன் பஸ் பிடித்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். மிஸ் லூவின் மண்மேடு இருந்தது. அதைச் சுற்றிச் சுண்ணாம்புத் தூளால் நீளமாக ஒரு கட்டமும் இருந்தது. கபடிக்குப் போட்ட கோடு அல்ல. கல் கட்டாத குழியைச் சில வருஷம் கழித்துத் தோண்டி அடுத்தவருக்குக் கொடுப்பது அந்தத் தோட்டத்து வழக்கம். இடம் குறைவு, சாகிறவர்கள் அதிகம். கோடு போட்டுவிட்டார்கள் என்றால் கல்லறைத் திருநாள் முடிந்த கையோடு கடப்பாரை வரும்.

இந்தக் கடப்பாரை வந்துவிடக் கூடாது என்று ஒரு மனிதர் பத்து வருஷத்துக்கு மேலாகக் கோயில் கமிட்டிக்கு நடந்தார். அவர் ஆரோக்கியம். என் வகுப்புத் தோழி பிலோமினாவின் அப்பா, ரயில்வேயில் ஃபிட்டர். மிஸ் லூ அவருடைய தங்கச்சி.

மிஸ் லூ என்பது மேடைக்கு வைத்துக்கொண்ட பெயர். ஞானஸ்நானப் பெயர் லூர்து மேரி. சின்ன வயதில் ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் சட்டைக்காரர்கள், அதாவது ஆங்கிலோ இந்தியர்கள், சனிக்கிழமை தோறும் ஜோடி ஜோடியாக ஆடும்போது ஜன்னலுக்கு வெளியே நின்று பாட்டுக் கேட்டவள். கொஞ்ச நாளில் ஜன்னலுக்கு உள்ளே நின்று பாடினாள். இன்னும் கொஞ்ச நாளில் பேண்டுகாரர்களோடு ரயிலேறிக் கல்கத்தாவுக்குப் போய்விட்டாள். அங்கே பெரிய ஓட்டல்களில் ஜாஸ் பாடி, பத்திரிகையில் படம் வந்து, இசைத்தட்டெல்லாம் போட்டார்களாம். கல்கத்தாவில் பேர் பெற்றவளைச் சேலத்தில் ஓடிப்போனவள் என்றார்கள். கடைசியில் நெஞ்சுச் சளியோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்து செத்துப்போனாள்.

"ஜாஸ்னா என்ன?" என்று நான் பிலோமினாவைக் கேட்டிருக்கிறேன்.

"அத்த பாடுறது" என்றாள். அதற்கு மேல் அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. வீட்டில் கிராமபோன் கிடையாது. இருந்தாலும் வைத்துக் கேட்க விட்டிருக்க மாட்டார்கள்.

கமிட்டித் தலைவர் சவரிமுத்து, மரக்கடைக்காரர். அவர் லூர்துவுக்குச் சுவரோரம் ஒரு மூலையைக் கொடுத்தார். செத்தவர்களைக்கூட ஒதுக்கி உட்காரவைக்க அந்தத் தோட்டத்தில் மூலை இருந்தது. கல் வைக்க ஆரோக்கியம் மாமா அனுமதி கேட்டபோது, "கிளப்புல பாடுனவளுக்குக் கல்லு ஒரு கேடா? நாளைக்கு நம்ம பொண்ணுங்க பாத்து என்ன நெனைக்கும்?" என்றாராம். நானும் பிலோமினாவும்தான் நம்ம பொண்ணுங்க. நாங்கள் வருஷா வருஷம் பார்த்தோம். பசிக்கிறது, வெயிலடிக்கிறது என்பதைத் தவிர எதையும் நினைக்கவில்லை.

கல்லுக்குப் பதிலாக இன்ஸ்டிடியூட்காரர்கள் ஒரு மரச்சிலுவை நட்டு, அதில் இங்கிலீஷில் ஏதோ கறுப்பு மையால் எழுதியிருந்தார்கள்.

கல்லறைத் திருநாள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நவம்பர் பிறந்ததும் கத்தோலிக்கக் குடும்பங்கள் தங்கள் வீட்டுக் கல்லறைகளைக் கழுவி, வெள்ளையடித்து, செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் வைத்து, மெழுகுவத்தி கொளுத்துவார்கள். சாமியார் வந்து தீர்த்தம் தெளித்துப் போவார். நான் வேறு சாமி கும்பிடுகிற வீட்டுப் பிள்ளைதான். ஆனாலும் பிலோமினா வீட்டுச் சோறு ருசியாக இருந்ததால் புல் பிடுங்க நானும் போவேன். நான் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்புக்கு முந்தைய வகுப்பில் இருந்த வருஷம், திருநாளுக்கு முந்தின நாள், புல் பிடுங்கிக்கொண்டிருந்த இடத்துக்கே பெரியப்பா வந்து நின்றார். ஊரில் ஒரு கல்யாணம், கூட்டிப்போக வந்தவர். விடுதியில் விசாரித்துத் தேடிப்பிடித்திருக்கிறார்.

பெரியப்பா வந்தால் தெருமுனையிலேயே தெரியும். அன்றைக்கு என் தோள் பக்கம் வந்து நிற்கிற வரை தெரியவில்லை. தொண்டையில் வெறும் காற்றுத்தான் வந்தது.

"ரெண்டு வாரமா இப்பிடித்தான் சாமி. மண்டியில என்ற எடத்துல வேற ஆள நிப்பாட்டிப் போட்டாங்க" என்றார். முதல் முறையாக அவர் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் கேட்டது. பாவமாக இருந்தது. பிறகு மண்மேட்டைப் பார்த்தார். "இது யாருது அம்மிணி?"

"பிலோமினாவோட அத்தைங்க பெரீப்பா. பெரிய பாடகி."

சிலுவையைக் காட்டினார். "என்னமோ எழுதியிருக்குதே. படி பாக்கலாம்."

நான் அந்த நிமிஷத்தை விட்டுவிடுவேனா? எழுந்து நின்று, பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, பள்ளி ஆண்டு விழாவில் வாசிப்பதுபோல நெஞ்சை நிமிர்த்தி வாசித்தேன். "மிஸ் லூ. ஷீ சேங்."

"அப்பிடின்னா?"

"மிஸ் லூ. பாடினாள்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்க."

இதற்கா இத்தனை வருஷம் அரிசி மூட்டை கட்டி அனுப்பினோம் என்கிற மாதிரி பார்த்தார். என் படிப்பின் மானம் போய்விடும்போல இருந்தது. அதனால் சிலுவையில் இல்லாததையும் சேர்த்தேன். "ராத்திரி பூரா பாடுவாங்களாமுங்க. பேண்டுச் சத்தத்துக்கு மேல தனியாக் கேக்குமாம்."

"ராத்திரி பூராவா? தொண்ட கட்டாதா?"

"கட்டுனதா யாரும் சொல்லலீங்க."

பெரியப்பா யோசித்தார். பிறகு மடியை அவிழ்த்தார். மென்றுகொண்டே இருக்கச் சொல்லி வைத்தியர் கொடுத்த மிளகு முடிச்சு அதில் இருந்தது. ஒரு கை அள்ளி மண்மேட்டில் தூவி, துண்டை இடுப்பில் கட்டிக் கும்பிட்டார். "தாயே, நீ யாரோ எவரோ. என்ற தொண்டயக் குடு. குடுக்கற வரைக்கும் நான் வாயத் தொறக்கறதில்ல."

எங்கள் ஊர் அம்மனுக்கு அப்படித்தான். உப்பும் மிளகும் போட்டு, காரியம் ஆகிற வரை வாய் கட்டி இருப்பார்கள். பேண்டோடு ஆட்டத்துக்குப் பாடிய ஒரு பாட்டுக்காரியையும் அந்தக் கணக்கில் சேர்க்கலாம் என்று தோன்றியது பெரியப்பாவுக்கு மட்டும்தான்.

சொன்னபடி வாய் திறக்கவில்லை. கல்யாண வீட்டில்கூடச் சாம்பாருக்குக் கையைத்தான் காட்டினார். ஒரு வாரமோ பத்து நாளோ கழித்துக் குரல் வந்துவிட்டது. மண்டியில் பழைய இடமும் வந்துவிட்டது. அந்தப் பத்து நாளைப் பெரியம்மா இன்றைக்கும் மறக்கவில்லை. "அந்த மகராசி கிட்ட நான் போயி இன்னொரு வேண்டுதல் போட்டுட்டு வரட்டுமா?" என்று என்னைத் தனியாகக் கேட்டார்.

வாயை மூடி இருந்தால் தொண்டை தானே ஆறும் என்று எங்கள் சயின்ஸ் டீச்சர் சொல்லிக்கொடுத்திருந்தார். பெரியப்பாவிடம் சொன்னேன்.

"அப்ப நாளைக்குத் தொண்ட கட்டுனா அந்த டீச்சரூட்டுக்குப் போயி மொளகு போட்டுக்க" என்றார். பழைய குரலில் சொன்னதால் தெருவுக்கே கேட்டது.

ஏலம் கூறுகிறவர் ஒரு செய்தியை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாரா? வெல்ல மண்டிக்காரர்கள் வந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் நின்று ஊர்ப் பேர் கூவுகிறவர்கள் வந்தார்கள். ராசா வேஷம் கட்டுகிற கூத்துக்காரர் ஒருத்தர் சேவல் கொண்டுவந்து, அறுக்கக் கூடாது என்றதும் மனம் நொந்து திருப்பிக்கொண்டு போனார். பிறகு தேர்தல் வந்தது. மைக் செட் டவுன் கூட்டத்துக்குத்தான் கிடைக்கும், கிராமத்துக் கூட்டத்துக்குத் தொண்டைதான். ஒரு காலையில் இரண்டு கட்சிப் பேச்சாளர்கள் கழுத்தில் மப்ளரோடு மிஸ் லூவின் இரண்டு பக்கமும் நின்றதை நானே பார்த்தேன். மேடையில் ஒருத்தரை ஒருத்தர் என்னென்னவோ சொன்னவர்கள். அங்கே திட்ட இருவருக்கும் குரல் இல்லை. ஒருவர் மிளகுப் பொட்டலத்தை நீட்ட, மற்றவர் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். தேர்தல் முழுவதிலும் நடந்த ஒரே ஒப்பந்தம் அதுதான் என்று நினைக்கிறேன்.

தோட்டக் காவல்காரர் வீட்டு ரசம் அந்த வருஷம் காரமாக இருந்ததாகப் பேச்சு.

சவரிமுத்து முதலில் கோபப்பட்டார். கூட்டம் பெருகியதும் யோசித்தார். பிறகு மூலையில் ஒரு உண்டியல் முளைத்தது. "சின்ன வயசுல லூர்துவும் நானும் பீடத்துக்குப் பக்கத்துல ஒண்ணா நின்னு பாடுவோம்" என்று எல்லாரிடமும் சொல்ல ஆரம்பித்தார். பிலோமினா தன் அப்பாவிடம் கேட்டாள். "அவரு நின்னாரு. வாயத் தொறந்து நான் பாக்கல" என்றார் ஆரோக்கியம் மாமா.

கூட்டம் வந்ததில் மாமாவுக்கு ஒரே லாபம், குழியைத் தோண்டும் பேச்சு நின்றுபோனது. இந்தச் சூட்டோடு சூடாகக் கல்லுக்கு அனுமதி வாங்கிவிடலாம் என்று அடுத்த கல்லறைத் திருநாளுக்குக் கமிட்டி ஆட்களைத் தோட்டத்துக்கே வரவழைத்தார். பெரியப்பாவும் வந்திருந்தார். இந்த அம்மாளைக் கண்டுபிடித்ததே தான் என்பதால் வருஷாந்திரத்துக்குத் தன் தலைமை வேண்டும் என்று அவருக்கு ஒரு எண்ணம்.

அப்போதுதான் அந்தக் கிழவர் வந்தார். கோட்டு, தொப்பி, கையில் ஒரே ஒரு ரோஜா. கல்கத்தாவிலிருந்து ரயிலில் தெற்கே போகிறவர் சேலம் ஜங்ஷனில் இறங்கி, விசாரித்து வந்திருக்கிறார். லூவோடு எத்தனையோ வருஷம் பியானோ வாசித்தவராம். சவரிமுத்து கும்பிட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார். ஆரோக்கியம் மாமாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதும் ரயிலைப் பற்றியது. பிலோமினா என் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். என் வாழ்க்கையின் முதல் இங்கிலீஷ் பேச்சு ஆரம்பமாயிற்று.

அவர் ரோஜாவை வைக்கக் குனிந்தார், வைக்க இடமில்லை. "எதற்கு இவ்வளவு மிளகு?" என்றார்.

'ஸார், ஆல் பீப்பிள் ஹேவ் த்ரோட்' என்று தொடங்கி, எங்கேயோ போய், எப்படியோ முடித்தேன். கடைசியில் அவருக்குப் புரிந்துவிட்டது. தொப்பியைக் கழற்றினார். பிறகு சிரித்தார் பாருங்கள், கல்லறைத் தோட்டத்தில் அப்படி யாரும் சிரித்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"பெண்ணே, இவள் தொண்டை எப்போதும் கட்டித்தான் இருக்கும். தேன் சாப்பிட்டாள், மிளகு சாப்பிட்டாள், டாக்டர் டாக்டராகப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. தகரத்தில் மணலைத் தேய்த்த மாதிரி ஒரு கரகரப்பு. அந்தக் கரகரப்பைக் கேட்கத்தான் கல்கத்தாவே வந்தது."

சுற்றிலும் எல்லாரும் என் வாயையே பார்க்கிறார்கள்.

"என்னம்மா சொல்றாரு?" என்றார் சவரிமுத்து.

"மெதுவாச் சொல்லு சாமி, வெவரமாச் சொல்லு" என்றார் பெரியப்பா.

விவரமாகச் சொன்னால் அன்றோடு மிளகு நிற்கும். மிளகு நின்றால் உண்டியல் நிற்கும். உண்டியல் நின்றால் கடப்பாரை வரும். நான் ஆரோக்கியம் மாமாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையிலிருந்து அவருக்கு இது எதுவும் புதிதில்லை என்று தெரிந்தது. கூடப் பிறந்தவளின் தொண்டை எப்படி இருக்கும் என்பதற்கு இங்கிலீஷ் எதற்கு? அவர் இத்தனை நாளும் வாய் கட்டி இருந்திருக்கிறார்.

"இந்த மாதிரி ஒரு கொரல் கல்கத்தாவுலயே வேற கெடையாதாமுங்க. அதக் கேக்கறதுக்குன்னே கூட்டம் வருமாமுங்க" என்றேன். ஒரு சொல் பொய்யில்லை.

"நாஞ் சொல்லல?" என்றார் பெரியப்பா, தோட்டம் முழுவதற்கும்.

கிழவர் ஒரு மிளகை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார், இருமினார். பிறகு கண்ணை மூடி, காலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே, ஒரு பாட்டின் நாலைந்து வரி மூக்குக்குள் பாடினார். தாளம் விழும் என்று நான் நினைத்த இடத்தில் ஒரு முறைகூட விழவில்லை. நான் ஜாஸ் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அவர் போன பிறகு கமிட்டி கல்லுக்குச் சம்மதித்தது. "பக்திப் பாடகி லூர்து மேரி அம்மாள்னு போட்டுக்கங்க" என்றார் சவரிமுத்து.

"அவ பக்திப் பாட்டு பாடல" என்றார் ஆரோக்கியம் மாமா.

"பாடியிருக்கலாமில்ல?"

"பாடியிருக்கலாம். பாடல. ஜாஸ் பாடகின்னு போடணும்."

"அந்த வார்த்தையெல்லாம் சாமியார் மந்திரிச்ச மண்ணுல போட முடியாது."

"அப்ப மண்ணே இருக்கட்டும்."

வீட்டுக்கு நடக்கும்போது நான் கேட்டேன். "மிளகு விஷயத்துல சும்மா இருந்தீங்களே மாமா, இதுல மட்டும் விட்டுக் குடுக்கக் கூடாதா?"

"மிளகு அவங்க போட்டது பாப்பா. கல்லு நான் போடுறது."

அப்புறம் ஒவ்வொரு வருஷமும் கேட்டார். ஒவ்வொரு வருஷமும் கமிட்டி ஒரு புது வார்த்தை சொன்னது. கீதமணி, இசைத்தொண்டர், தேவகானம். மூன்றாவதைச் சொன்னபோது மாமாவுக்கே சிரிப்பு வந்துவிட்டதாம்.

இதற்கு நடுவில் மைக் செட் மலிந்துவிட்டது. வெல்ல மண்டிக்கு மைக் வந்தது, பஸ் ஸ்டாண்டுக்கு வந்தது, மாரியம்மன் பண்டிகைக்கு மரத்துக்கு மரம் குழாய் கட்டினார்கள். யாருக்கும் தொண்டை கட்டுவதில்லை, கேட்கிறவர்களுக்குத்தான் காது கட்டுகிறது. மிளகு குறைந்தது, பிறகு நின்றது. உண்டியலைக் காவல்காரர் கோழிக் குஞ்சு கவிழ்க்க வைத்திருக்கிறார். இன்ஸ்டிடியூட்டில் சனிக்கிழமை ஆட்டம் இல்லை. சட்டைக்காரக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டன. ஆடிய தரையில் இப்போது ரயில்வேக்காரர் வீட்டுக் கல்யாணப் பந்தி நடக்கிறது. அங்கே இருந்த பியானோவை ஒரு அரிசிக்கடைக்காரர் எடுத்து, மூடியின் மேல் படியும் மரக்காலும் வைத்திருக்கிறார். நான் அரிசி வாங்கப் போனால் ஒரு கட்டையை அழுத்திப் பார்ப்பேன். சத்தம் வராது, உள்ளே தவிடு. மரச்சிலுவையைக் கரையான் தின்றுவிட்டது. பிலோமினா நர்ஸாகி பம்பாய்க்குப் போய்விட்டாள். ஒரு காலத்தில் இந்த ஊரில் மிஸ் லூவைப் பற்றித் தெரியாதவர் ஒருவரும் இல்லை, அவள் பாட்டைக் கேட்டவரும் ஒருவரும் இல்லை. இப்போது இரண்டாவது மட்டும் மிச்சம்.

சுண்ணாம்புக் கட்டம் யாருக்காக என்று காவல்காரரைக் கேட்டேன். ரோடு அகலமாகித் தோட்டத்து வாசலை இந்தப் பக்கம் மாற்றிவிட்டார்களாம். ஒதுக்குப்புற மூலை இப்போது முன்வரிசை. சவரிமுத்து தன் குடும்பத்துக்கென்று சொல்லி வைத்திருக்கிறாராம். ஆள் நன்றாகத்தான் இருக்கிறார், முன்கூட்டியே யோசிக்கிறவர்.

நேரே ஆரோக்கியம் மாமா வீட்டுக்குப் போனேன். ரிட்டயர் ஆகிவிட்டார். கண் சரியாகத் தெரியவில்லை.

"யாரு, பாப்பாவா? கொரல் என்ன லூர்து மாதிரி இருக்கு?" என்றார். எனக்கு அதுவரை கிடைத்த பட்டங்களில் அதை முதலாவதாக வைத்திருக்கிறேன்.

கோடு போட்டிருப்பதைச் சொன்னேன். "கமிட்டிக்கு இன்னொரு வாட்டி போயிக் கேட்டுப் பாக்குறேன்" என்று செருப்பைத் தேடினார்.

"கேட்டாத்தான மாமா இல்லம்பாங்க?" என்றேன்.

கல் நட்ட குழியைத் தொடக் கூடாது என்பது சவரிமுத்துவே வாய்க்கு வாய் சொல்லும் வழக்கம். ஆரோக்கியம் மாமா அனுமதி கேட்டுப் பழகியவர். எனக்கு எங்கள் வீட்டிலேயே எதற்கும் அனுமதி கிடைத்ததில்லை, அதனால் அந்தப் பழக்கம் இல்லை.

மறுநாள் கல் கொத்துகிறவரிடம் போனேன். எழுத வேண்டியதைக் காகிதத்தில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "ஜாஸ்னா என்னங்க டீச்சர்?" என்றார்.

"நாலு வரிதான் கேட்டிருக்கேன். எனக்கு அது போதலைங்க" என்றேன்.

லூர்து மேரி, மிஸ் லூ, ஜாஸ் பாடகி. அதற்குக் கீழே, மாமாவின் சம்மதத்தோடு, கரகரத்த குரல்.

நேற்று மத்தியானம் கமிட்டிக்காரர்கள் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரத்தில் மாட்டு வண்டியில் கல்லைக் கொண்டுபோய் நட்டோம். சுண்ணாம்புக் கோட்டை நானே காலால் அழித்தேன். மாமா குனிந்து எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். ஜா-வில் கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கமிட்டி கூடுகிறதாம். கூடட்டும். இன்று காலை பள்ளிக்கூடம் போகிற வழியில் இறங்கி, கல்லை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். அசையவில்லை.